எலியின் அடையாள நினைவைச் சோதிக்கப் போகிறீர்களா? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைடு ஒரு நாள் "ஒரு என்ஓஆர் போட்டுப் பார்த்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நாவல் ஆப்ஜெக்ட் ரெகக்னிஷன் என்பதன் சுருக்கம் அது; ஏற்கெனவே பார்த்ததை எலி அடையாளம் காண்கிறதா என்று பார்க்கும் சோதனை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். பெட்டிக்குள் எலியை விட்டு, ஒரே மாதிரி இரண்டு பொருள்களைக் காட்டி, அப்புறம் ஒன்றை மட்டும் மாற்றி வைத்து, எதை அதிக நேரம் முகர்ந்து பார்க்கிறது என்று எண்ண வேண்டும். பட்டினி போட வேண்டாம், ஷாக் கொடுக்க வேண்டாம், மாதக்கணக்கில் பயிற்சியும் வேண்டாம். புதியதை நாடும் எலியின் இயல்பே நமக்குப் போதும்.

சோதனை உண்மையிலேயே எளிதுதான். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலைகள்தான் ஆளை வாட்டும். எந்த நினைவைச் சோதிக்கிறோம், எந்த அனுமதி வேண்டும், எது எவ்வளவு நாள் இழுக்கும் என்று எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. ஆய்வகம் ஆய்வகமாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்தியாவில் ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இருந்து இதைத் தொடங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. எந்த நினைவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெட்டி வாங்குவதற்கு முன், ஃபார்ம் நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

கல்யாண வீட்டில் ஒருவர் வந்து "என்னப்பா, என்னைத் தெரியுதா?" என்று தோளைத் தட்டுகிறார். தெரிந்த முகம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கே, எப்போது பார்த்தோம் என்பது வரவே மாட்டேன் என்கிறது. முகம் பழகியது என்று தெரிவது ஒரு வேலை, அது எந்த இடத்தோடும் நேரத்தோடும் சேர்ந்தது என்று தெரிவது வேறு வேலை. மூளையில் இந்த இரண்டையும் ஒரே செல்கூட்டம் செய்வதில்லை.

எலியிடம் இதைப் பிரித்துக் கேட்க நான்கு சோதனைகள் இருக்கின்றன.

புதுப்பொருள் சோதனையில் பார்த்த பொருள் ஒன்று, பார்க்காத பொருள் ஒன்று. என்ஓஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதற்கு முக்கியமாக வேண்டியது பெரிரைனல் கார்டெக்ஸ். மூளையின் பக்கவாட்டில் ரைனல் சல்கஸ் என்ற பள்ளத்தை ஒட்டி ஓடும் மெல்லிய பட்டை அது. அங்கே இருக்கும் நியூரான்களில் ஒரு பகுதி, ஒன்றை முதல்முறை பார்க்கும்போது வேகமாகத் துடிக்கும். அதையே மறுபடி பார்த்தால் துடிப்பு குறைந்துவிடும். குரங்கிலும் எலியிலும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். "இதை ஏற்கெனவே பார்த்தாயிற்று" என்ற செய்தி அந்தக் குறைவிலேயே இருக்கிறது.

இடச் சோதனையில் இரண்டும் பழைய பொருள்களே. ஒன்று மட்டும் வேறு மூலைக்கு நகர்ந்திருக்கும். இது மூளையின் உட்பகுதியில் இருக்கும் ஹிப்போகாம்பஸின் வேலை. எலி இருக்கும் இடத்தைப் பொறுத்துத் துடிக்கும் இடச்செல்கள் இருப்பது அங்கேதான்.

மூன்றாவது, பொருளும் இடமும் சேர்ந்த சோதனை. நான்கு வேறு வேறு பொருள்களை வைத்து, பிறகு அவற்றில் இரண்டை மட்டும் இடம் மாற்றிவிடுவோம். பெட்டியில் புதிய பொருள் எதுவும் இல்லை, புதிய இடமும் இல்லை. எது எங்கே என்ற சேர்க்கை மட்டும்தான் புதிது. நான்காவது, வரிசைச் சோதனை: முதலில் ஒரு ஜோடி, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு ஜோடி, பிறகு இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று. ஆரோக்கியமான எலி முன்னால் பார்த்ததையே அதிகம் முகரும்.

இந்தக் கடைசி இரண்டுக்கும் பெரிரைனல், ஹிப்போகாம்பஸ், மூளையின் முன்பக்கத்தில் இருக்கும் மீடியல் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் மூன்றும் வேண்டும். மூன்றும் இருந்தால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று பேசவும் வேண்டும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பார்க்கர், வார்பர்டன் இருவரும் 2007 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதை அழகாகக் காட்டின. ஒரு பகுதியை மூளையின் இடப்பக்கத்தில் மட்டும் சேதப்படுத்தி, இன்னொரு பகுதியை வலப்பக்கத்தில் மட்டும் சேதப்படுத்தினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம் நன்றாகவே மிச்சம் இருக்கிறது. ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டும் சேர்ந்து இல்லை. அப்படிப்பட்ட எலி புதுப்பொருளைத் தவறாமல் அடையாளம் காணும், எது எங்கே இருந்தது, எது முன்னால் வந்தது என்பதில்தான் தடுமாறும். மூளையின் நடுவே தலாமஸில் இருக்கும் நியூக்ளியஸ் ரீயூனியன்ஸ் என்ற செல்கூட்டம் இந்தப் பேச்சுக்கு நடுவில் நிற்கிறது என்பதை 2018இல் காட்டினார்கள்.

பொறி: வெறும் என்ஓஆர் மட்டும் செய்து, "மருந்து ஹிப்போகாம்பஸ் நினைவை மேம்படுத்தியது" என்று எழுதுவது. ஆய்வேடுகளில் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஹிப்போகாம்பஸ் சேதமான எலிகள் என்ஓஆரில் தேறியதாகப் பல ஆய்வுகள் உண்டு. நீண்ட இடைவெளி விட்டால் தேறவில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஹிப்போகாம்பஸ் பற்றிப் பேச வேண்டுமென்றால் இடச் சோதனையையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, பொருளை நகர்த்தி வைப்பது மட்டும்தான்.

2. மூளையை எப்படித் தொடப் போகிறீர்கள்?

மருந்து கொடுத்து நடத்தையை மட்டும் பார்ப்பதாக இருந்தால் இதைத் தாண்டிவிடலாம். மூளைப்பகுதி பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான்கு வழிகள்.

சி-ஃபாஸ் சாயம்: சி-ஃபாஸ் என்பது சற்று முன் வேலை செய்த செல்களில் உருவாகும் புரதம்; ஆன்டிபாடியால் அதைச் சாயமேற்றிப் பார்க்கிறோம். அறுவை சிகிச்சை கிடையாது. எலி பொருளைப் பார்த்து சுமார் 90 நிமிடம் கழித்து மூளையை எடுத்து, அந்த நேரத்தில் வேலை செய்த செல்களை எண்ணுகிறோம். புதிய படங்களைக் கண்ட எலியின் பெரிரைனலிலும், பழைய படங்களின் புதிய அடுக்கைக் கண்ட எலியின் ஹிப்போகாம்பஸிலும் மாற்றம் தெரியும் என்று 1999இலேயே காட்டியிருக்கிறார்கள். செலவு பெரும்பாலும் ஆன்டிபாடிக்குத்தான். டீலர் வழியாக வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் பல வாரம் ஆகும். ஆகவே முதல் நாளே கொட்டேஷன் கேளுங்கள். இதன் குறை: அந்தச் செல்கள் வேலை செய்தன என்று மட்டும் தெரியும், அவை இல்லாமல் முடியாதா என்பது தெரியாது.

நிரந்தர சேதம்: எலியின் தலையை அசையாமல் பிடித்து, ஊசியைக் குறித்த இடத்தில் இறக்க உதவும் ஸ்டீரியோடாக்ஸிக் கருவி வேண்டும். கருவி ஏற்கெனவே இருந்தால் மலிவான வழி இதுதான். இரண்டு வாரமாவது ஆறவிட வேண்டும்.

கெனுலா வழியாக மஸ்சிமால்: கெனுலா என்பது மண்டையோட்டில் பொருத்தும் மெல்லிய குழாய். அதன் வழியே செலுத்தும் மஸ்சிமால் என்ற மருந்து அந்தப் பகுதியைச் சில மணி நேரம் மட்டும் தூங்க வைக்கும். ஒரே எலியை மருந்தோடும் சலைனோடும் பார்க்கலாம் என்பதால் எலிகள் குறைவாகப் போதும். பார்க்கும்போது நிறுத்துவதா, சேமிக்கும்போதா, நினைவுகூரும்போதா என்று பிரித்தும் கேட்கலாம். தொல்லை: கெனுலா அடைத்துக்கொள்ளும், தலையில் ஒட்டிய சிமென்ட் கழன்றுவரும்.

வைரஸ் வழி: ஏஏவி என்ற, நோய் உண்டாக்காத வைரஸால் குறிப்பிட்ட செல்களுக்குள் ஒரு ரிசப்டரை ஏற்றி, மருந்தால் அவற்றை அடக்குவது. குறிப்பிட்ட செல்கூட்டத்தை மட்டும் தொட வேண்டுமென்றால் இதற்கு மாற்று இல்லை. ஆனால் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் தனி அனுமதி, இறக்குமதி, குளிர்பதனம், ரிசப்டர் வெளிப்பட சுமார் மூன்று வாரக் காத்திருப்பு எல்லாம் சேரும். பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக முதல் ஆண்டிலேயே இதில் இறங்காதீர்கள். என்னைக் கேட்டால், முதலில் நடத்தையும் சி-ஃபாஸும், கை பழகியபின் கெனுலா.

3. ஃபார்ம் பி: மாதங்களை விழுங்கும் இடம்

இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் சிசிஎஸ்இஏ என்ற குழு இயங்குகிறது. பழைய ஆட்கள் இன்னும் சிபிசிஎஸ்இஏ என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். எலி, சுண்டெலி போன்ற சிறு விலங்குகளுக்கு உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவான ஐஏஇசியே அனுமதி தரும். விண்ணப்பத்தின் பெயர் ஃபார்ம் பி.

கூட்டம் மாதாமாதம் நடக்காது. பல கல்லூரிகளில் சில மாதங்களுக்கு ஒருமுறைதான். சிசிஎஸ்இஏ நியமித்த உறுப்பினரோ அவருக்கு மாற்றாகக் குறிக்கப்பட்டவரோ வராமல் கூட்டம் நடத்த முடியாது, அதனால் தேதி தள்ளிப்போவதும் சாதாரணம். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அரை ஆண்டு போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆய்வுச் சுருக்கம், நிதி எங்கிருந்து வருகிறது என்ற கடிதம், எலி தரும் இடத்தின் பதிவு எண், மயக்க மருந்தும் வலிநிவாரணியும் உடல் எடைக்கு எவ்வளவு என்ற பட்டியல், அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு, எந்த நிலை வந்தால் சோதனையை நிறுத்திவிடுவீர்கள் என்ற குறிப்பு, கடைசியில் எலியை என்ன செய்வீர்கள் என்பது. வைரஸ் உண்டு என்றால் உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் கடிதமும். விலங்கைக் கையாளப் போகிறவர் நீங்கள் என்றால் உங்கள் பெயரும் பயிற்சி விவரமும் அதில் இருக்க வேண்டும். கைடின் பெயர் மட்டும் போதாது.

எங்கள் விண்ணப்பம் முதலில் திரும்பி வந்தது எண்ணிக்கைக் கேள்வியில். "குழுவுக்கு 12 ஏன்? 8 ஏன் போதாது?" என்பார்கள். "முந்தைய கட்டுரைகளில் அப்படித்தான்" என்ற பதில் அங்கே எடுபடாது. எத்தனை எலி வேண்டும் என்று ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் கணக்கிட்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள். முன்னோட்டத்துக்கான எலிகள், அறுவையில் இறக்கக்கூடியவை, கெனுலா தவறான இடத்தில் விழுந்து கழிக்க வேண்டியவை எல்லாவற்றையும் இப்போதே சேர்த்துக் கேளுங்கள். பிறகு கூடுதலாக இரண்டு எலி வேண்டும் என்றாலும் திருத்த விண்ணப்பம், இன்னொரு கூட்டம்.

நான்கு சோதனைகளையும் ஒரே எலியில் செய்யப் போகிறீர்கள் என்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். எலிகள் குறைகின்றன என்பது குழுவுக்குப் பிடித்த செய்தி. ஆனால் எந்த வரிசை, நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்பதும் கூடவே இருக்க வேண்டும். குழுவில் அறிவியல் துறை சாராத ஒருவரும் இருப்பார். அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு பத்தி எழுதினால் கூட்டத்தில் பாதிக் கேள்வி குறையும்.

மயக்கத்துக்குக் கெட்டமைன் பயன்படுத்துவதாக இருந்தால், அது கட்டுப்பாடு மிகுந்த அட்டவணை எக்ஸ் மருந்து. கடையில் போய்க் கேட்டு வாங்கிவர முடியாது. விலங்குக்கூடத்தின் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பொறி: அனுமதி வருவதற்கு முன் "சும்மா ஒரு பைலட்" செய்து பார்ப்பது. அந்தத் தரவை எந்த நல்ல இதழும் ஏற்காது. பின்தேதியிட்டு அனுமதி வாங்கவும் வழியில்லை.

4. பெட்டி, பொருள், கேமரா

இந்தச் சோதனையின் அழகு, காசு குறைவு என்பது. வெளிநாட்டுப் பட்டியலில் பார்த்து பெட்டி வாங்க வேண்டாம். பிளைவுட்டில் பெயின்ட் அடித்தோ, மங்கலான அக்ரிலிக்கிலோ உள்ளூர் ஆசாரியே சில ஆயிரம் ரூபாயில் செய்துவிடுவார். எலிக்கு 60 முதல் 100 செ.மீ. சதுரம், சுண்டெலிக்கு 40 செ.மீ. போதும். ஈரம் ஊறாத மேற்பரப்பு முக்கியம், ஒவ்வொரு எலிக்குப் பிறகும் துடைக்க வேண்டுமே. இடச் சோதனை செய்வதாக இருந்தால் சுவருக்கு மேலே எலி பார்க்கும்படி அடையாளங்கள் வேண்டும். திரை போட்டு எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, மூலை எது என்று எலியிடம் கேட்கக் கூடாது.

பொருள்களுக்குப் பாத்திரக்கடையும் ஃபேன்சி ஸ்டோரும் போதும். மணல் நிரப்பிய கண்ணாடிப் பாட்டில், பீங்கான் கோப்பை, பெரிய பிளாஸ்டிக் கட்டைகள். எலியால் கடித்துக் குதற முடியக் கூடாது, மேலே ஏறி உட்கார முடியக் கூடாது, தள்ளினால் கவிழக் கூடாது. ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று வாங்குங்கள்: முதல் கட்டத்துக்கு இரண்டு, சோதனைக் கட்டத்துக்கு எலி தொடாத மூன்றாவது. இல்லாவிட்டால் தன் வாசனையைத்தான் எலி அடையாளம் காண்கிறது, பொருளை அல்ல. பொருள்களை முதலில் சில எலிகளிடம் காட்டிப் பாருங்கள். எல்லா எலியும் ஒன்றையே மொய்த்தால் அந்தப் பொருளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சின்னப் பொருள் என்று பில் வாங்காமல் வந்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லையென்றால் காசு உங்கள் பையிலிருந்துதான். அரசு நிறுவனம் என்றால் பெரிய கொள்முதலுக்கு அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கேமராவுக்கு மேலிருந்து மாட்டிய ஒரு வெப்கேம் போதும். மென்பொருளில்தான் கொட்டேஷனைப் பார்த்து மயக்கம் வரும். கையால் எண்ண போரிஸ், தானியங்கியாகத் தடம் பிடிக்க டீப்லேப்கட், இரண்டும் இலவசம்.

5. பழக்கும் நாள்கள்

எலி வந்ததும் சுமார் ஒரு வாரம் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். அடுத்த ஒரு வாரம் தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள். சோதனை நாளில் கையாளப் போகிறவரே பழக்க வேண்டும். சென்ட் வேண்டாம். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்காமல் குழாய்க்குள் ஏற்றித் தூக்கினால் பயம் குறையும். அப்புறம் மூன்று நான்கு நாள், தினமும் சில நிமிடம், வெறும் பெட்டிக்குள். பயந்த எலி மூலையில் ஒடுங்கும், புதியதைத் தேடாது. அதை நினைவிழப்பு என்று எழுதினால் தவறு.

தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். தீபாவளி வாரத்தில் நடத்தைச் சோதனையே வைக்காதீர்கள், வெடிச்சத்தத்தில் எலிகள் நிலைகுலைந்துவிடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எந்தச் சுவருக்குப் பின்னால் உறுமுகிறது, துப்புரவு ஆட்கள் எந்த நேரம் வாளியோடு வருகிறார்கள் என்பதெல்லாம் முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

6. சோதனை நாள்

முதல் கட்டம் 4 நிமிடம், நான்கு பொருள் என்றால் 5. இடைவெளி 5 நிமிடம், 1 மணி அல்லது 24 மணி, கேள்வியைப் பொறுத்தது. சோதனைக் கட்டம் 3 நிமிடம். அதற்கு மேல் விட்டால் புதியதும் பழையதாகிவிடும். இடைவெளியில் எலி தன் கூண்டிலேயே இருக்கட்டும்.

எது புதுப்பொருள், அது இடமா வலமா என்பதை எலிக்கு எலி மாற்றுங்கள். ஒவ்வொரு எலிக்குப் பிறகும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்; அவசரத்தில் ஈரத்தோடு அடுத்த எலியை விட்டால் அது முகர்வது ஆல்கஹாலைத்தான். வெளிச்சம் மங்கலாக, நான்கு மூலையிலும் சமமாக இருக்க வேண்டும்.

வரிசைச் சோதனையில் ஒரு நுணுக்கம். எலி முன்னால் பார்த்ததை அதிகம் முகர்ந்தால், வரிசை நினைவிருக்கிறது என்றும் சொல்லலாம், அதை மறந்தே போய்விட்டது என்றும் சொல்லலாம். அதனால் அதே இடைவெளியில் ஒரு புதுப்பொருள் சோதனையும் செய்து, மறக்கவில்லை என்று காட்டியாக வேண்டும். ரிவ்யூவர் கட்டாயம் கேட்பார்.

7. எண்ணுவது

மூக்கு பொருளை நோக்கி, 2 செ.மீ.க்குள் இருந்தால் கணக்கு. பொருள்மேல் சாய்ந்துகொண்டு வேறெங்கோ பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து மீசையைச் சுத்தம் செய்வது கணக்கில் வராது. எண்ணுபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. வீடியோக்களுக்கு வேறொருவர் பெயர் மாற்றிக் கொடுக்கட்டும்.

புதியதைப் பார்த்த நேரத்திலிருந்து பழையதைக் கழித்து, மொத்தத்தால் வகுக்க வேண்டும். புதியது 24 விநாடி, பழையது 12 என்றால் 12ஐ 36ஆல் வகுத்து 0.33. பூஜ்யம் என்றால் எலிக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒவ்வொரு குழுவும் பூஜ்யத்தைவிட மேலே இருக்கிறதா என்று தனியாகவும், குழுக்களுக்கு நடுவே வித்தியாசம் உண்டா என்று தனியாகவும் பாருங்கள். முதல் கட்டத்தில் மொத்தம் எவ்வளவு நேரம் முகர்ந்தன என்பதையும் ஒப்பிடுங்கள். சேதமான எலி பொருளையே சரியாகப் பார்க்கவில்லை என்றால் நினைவைப் பற்றிப் பேச இடமில்லை. எத்தனை விநாடிக்குக் கீழே போனால் அந்த எலியைக் கழிப்பது என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள், முடிவைப் பார்த்தபின் அல்ல.

நேரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 24 எலி, நான்கு சோதனை என்றால் வீடியோ மட்டும் சுமார் 13 மணி நேரம். நிறுத்தி நிறுத்தி எண்ணும்போது அது பல மடங்காகும், இரண்டாவது ஆள் ஒரு பகுதியைச் சரிபார்க்கவும் வேண்டும்.

8. மூளையை வெட்டிப் பார்ப்பது

அறுவை செய்த ஒவ்வொரு எலியின் மூளையையும் வெட்டி, சாயமிட்டு, சேதம் எங்கே விழுந்தது என்று படம் எடுக்க வேண்டும். பெரிரைனலில் இது இன்னும் முக்கியம். பட்டை மெல்லியது, மேலே வேறொரு கார்டெக்ஸ், கீழே என்டோரைனல் கார்டெக்ஸ், உள்ளே ஹிப்போகாம்பஸ். கொஞ்சம் பரவினாலும் நான்கு சோதனைகளின் அர்த்தமும் குழம்பிவிடும். நரம்பியல் துறையிலோ நோயியல் துறையிலோ, உறைந்த மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டும் கிரையோஸ்டாட் கருவி இருக்கும். முறைக்குப் பெயர் கொடுத்துவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முடியும். விலங்கு உடற்கழிவு மஞ்சள் பையில் போக வேண்டும், அதன் பதிவேட்டில் கையெழுத்தும் வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் அனுமதி மூன்று நான்கு மாதம், பழக்கலும் அறுவையும் ஆறுவதும் ஒன்றரை மாதம், நடத்தைச் சோதனைகள் ஒரு மாதம், எண்ணலும் மூளை வெட்டும் வேலையும் இரண்டு மாதம். இதில் உங்களால் சுருக்க முடிவது முதல் பகுதியை மட்டும்தான். ஐஏஇசி செயலாளரிடம் அடுத்த கூட்டம் எப்போது, அதற்கு எத்தனை நாள் முன்பு ஃபார்ம் பி கொடுக்க வேண்டும் என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். போன கூட்டத்தில் அனுமதி கிடைத்த விண்ணப்பத்தின் நகல் ஒன்று சீனியர் யாரிடமாவது இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.